பதினோராம் மணிக்கும் பசி ஒன்றுதான்

கூலியைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு கதையை வைத்துக்கொண்டு, கூலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி முக்கால் மணி நேரம் பேச முடியுமா? முடியும். திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமைக்குப் பெரும்பாலான பிரசங்க மேடைகளில் நடப்பது அதுதான்.

மத்தேயு நற்செய்தி, 20ஆம் அதிகாரம், முதல் 16 வசனங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு செப்டம்பர் ஞாயிறன்று இது வாசிக்கப்படுகிறது. 2023ல் அது செப்டம்பர் 24ஆம் தேதி வந்தது. மற்ற சபைகளிலும் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு வெளியே வருபவரின் மனதில் நிற்பது என்ன? கடைசி மூச்சில் மனம் திரும்பினாலும் மோட்சம் உண்டு என்பது மட்டும்தான். கதையில் இருந்த தோட்டம், வெயில், சம்பளம், முணுமுணுப்பு எல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய கண்கட்டு வித்தை என்பது புரியும்.

கதையில் இருப்பது என்ன?

தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஆள் பிடிக்கக் கடைத்தெருவுக்குப் போகிறார். நாளைக்கு ஒரு தெனாரியம் என்று பேசி முடித்துச் சிலரை அனுப்புகிறார். பழைய தமிழ் பைபிளில் இது 'ஒரு பணம்'. அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம், அதாவது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாடு. பிறகு காலை ஒன்பது மணிக்குப் போகிறார், நடுப்பகலில் போகிறார், மூன்று மணிக்குப் போகிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார்.

பொழுது சாய்ந்ததும் சம்பளப் பட்டுவாடா. கடைசியில் வந்தவரில் இருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் வேலை செய்தவர் கையில் ஒரு தெனாரியம். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் வெந்தவர் கையிலும் அதே ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசியபடி உனக்குத் தந்துவிட்டேன், நான் தாராளமாக இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்கிறார் அவர்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, ஐந்து மணிக்கு நின்றவர்களைக் குறிக்கும் சொல். கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆர்கோஸ்'. வேலை என்ற சொல்லின் முன்னே 'இல்லை' என்பதைச் சேர்த்து உண்டான சொல் அது. வேலை இல்லாமல் இருப்பவர், அவ்வளவுதான். தமிழ் பைபிளில் அது 'சும்மா' நிற்பதாக ஆயிற்று. பிரசங்கத்தில் 'சோம்பேறி' ஆகிவிட்டது! பகல் முழுவதும் வேலைக்காகக் கடைத்தெருவில் கால் கடுக்க நின்றவன் எப்படிச் சோம்பேறி ஆவான்? சோம்பேறியாக இருந்திருந்தால் காலை பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பானே!

பாலஸ்தீனத்துக் கடைத்தெருவும் திருவள்ளூர் மாவட்டமும்

இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள பாலஸ்தீனம் வரை போக வேண்டியதில்லை. திருவள்ளூரில் இருந்து திருத்தணி, திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். தேவாரப் பாடல் பெற்ற வாசீஸ்வரர் கோயில் உள்ள பழைய ஊர். விவசாயத்தை நம்பி இருந்த இந்த மாதிரி ஊர்களின் பிள்ளைகள் இன்று ஷிப்ட் கணக்கில் வாழ்கிறார்கள். பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்காலை, கம்பி ஆலை, கெமிக்கல், வாகன உதிரிபாகம் என்று வரிசையாகக் கம்பெனிகள்.

இந்தக் கம்பெனிகளின் கேட்டுக்குள் ஒரே மிஷினில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரைக் காண்பது அபூர்வம் அல்ல. ஒருவர் பெர்மனென்ட். இன்னொருவர் காண்ட்ராக்ட். சட்டைக் கலர் வேறு, சில இடங்களில் கேன்டீன் மேசையும் வேறு. சம்பளம் பாதியோ அதற்கும் கீழோ. அதற்கும் அடியில் ஒடிசாவில் இருந்தும், பீகாரில் இருந்தும், ஜார்க்கண்டில் இருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்கள். அவர்களை வேலைக்கு எடுத்தது யார் என்று கேட்டால் கம்பெனி காண்ட்ராக்டரைக் காட்டும். காண்ட்ராக்டர் சப் காண்ட்ராக்டரைக் காட்டுவார்.

உவமையில் ஒரு காரியக்காரர் வருகிறார். சம்பளத்தைக் கையில் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆள் எடுப்பதற்குத் தோட்டக்காரர் தானே கடைத்தெருவுக்குப் போகிறார், ஒரே நாளில் ஐந்து முறை. கூலி கேட்டு முணுமுணுப்பு வந்தபோதும் தானே நின்று பதில் சொல்கிறார். நீ என் ஆள் இல்லை, காண்ட்ராக்டரிடம் போய்க் கேள் என்று சொல்லவில்லை. இன்றைய தொழிற்பேட்டையில் இந்த ஒன்று நடந்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1970ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. காண்ட்ராக்டர் கூலி தராமல் ஏமாற்றினால் கம்பெனியே தர வேண்டும் என்று அது சொன்னது. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே மாதிரி வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி என்று 1971ன் மத்திய விதிகள் சொல்லின. 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டமே இயற்றியது. தற்காலிக ஊழியர்களுக்கும் 'சம வேலைக்குச் சம ஊதியம்' பொருந்தும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1970ன் சட்டம் இப்போது 2020ன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது.

நடைமுறை? 480 நாள் நிறைவதற்குள் ஒரு 'பிரேக்'. பிறகு வேறு காண்ட்ராக்டர் பெயரில் அதே ஆள், அதே மிஷின், புது ஐ.டி. கார்டு!

மேல் நோக்கிச் சமமா, கீழ் நோக்கிச் சமமா?

ஒரு வித்தியாசத்தை இங்கே உற்று நோக்க வேண்டும். உவமையில் கடைசியில் வந்தவனுக்குக் கூலி உயர்ந்தது, முதலில் வந்தவனுக்குக் குறையவில்லை. தொழிற்பேட்டையில் நடப்பது நேர் எதிர். கடைசியில் வந்தவனைக் காட்டி முதலில் வந்தவனின் கூலி குறைக்கப்படுகிறது. உன் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்ய கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்கிறார்கள் என்ற ஒரு வாக்கியம் போதும், உள்ளே இருப்பவன் வாயை மூடிக்கொள்வான். தோட்டக்காரர் எல்லோரையும் மேலே தூக்கிச் சமமாக்கினார். இங்கே எல்லோரையும் கீழே இழுத்துச் சமமாக்குகிறார்கள்.

ஆனால் முணுமுணுப்பு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வடக்கில் இருந்து வந்தவன் வேலையைப் பறித்துவிட்டான் என்று டீக்கடையில் பேசுகிறவர், அவனைக் குறைந்த கூலிக்கு அழைத்து வந்தது யார் என்று கேட்பதில்லை. அவனும் தன் ஊரில் பகல் முழுக்க நின்று, கூப்பிட ஆளில்லாமல் ரயிலேறியவன்தானே? அவன் வயிறு மட்டும் அரை வயிறா? அவனுக்கும் அதே கூலி வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். அவன் கூலி உயர்ந்தால்தான் இவர்கள் கூலி நிலைக்கும். இது தர்மம் மட்டுமல்ல, வெறும் கணக்கும் கூட.

'இது மோட்சத்தைப் பற்றிய கதை ஆயிற்றே!'

உடனே ஒரு மறுப்பு வரும். விண்ணரசைப் பற்றிய உவமை இது, இதில் ஏன் யூனியன் பேச்சு என்பார்கள். அந்த மறுப்புக்குப் பெரிய பரம்பரையே உண்டு. 2ஆம் நூற்றாண்டில் இரேனியு, 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்று பழைய சபைப் பிதாக்களே ஐந்து வேளைகளையும் உலக வரலாற்றின் காலகட்டங்களாகப் பார்த்தவர்கள். மனித வாழ்க்கையின் பருவங்களாகப் பார்த்ததும் உண்டு. தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் உவமை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு விளக்குவதுதான் உவமை. முகம் நிலவைப் போல என்றால், நிலவு அழகு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த உவமை நிற்கும். கடவுளின் அரசு இந்தத் தோட்டக்காரரின் செயலைப் போன்றது என்றால், அந்தச் செயல் நல்லது என்று ஆகிவிட்டது. வானத்தில் நியாயமாக இருப்பது பூமியில் எப்படி அநியாயம் ஆகும்? மோட்சத்தில் கடைசி ஆளுக்கும் முழுக் கூலி என்று உருகி உருகிப் பிரசங்கித்துவிட்டு, திங்கட்கிழமை காலை அதே விஷயத்தை 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்று சொல்வது பக்தி ஆகாது. வசதி!

மேலும் இது பைபிளில் தனியாக நிற்கும் கதையும் அல்ல. கூலியாளின் கூலியை விடியும் வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். சூரியன் மறையும் முன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பி இருக்கிறான் என்கிறது உபாகமம். உவமையில் பொழுது சாய்ந்ததும் பட்டுவாடா நடப்பது இந்தச் சட்டப்படிதான். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்று பணக்காரர்களை எச்சரிக்கிறது யாக்கோபின் கடிதம். இதெல்லாம் மோட்சத்துக் கூலியா?

முணுமுணுத்தவர்கள் யார்?

இந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்தால் கதை இன்னும் சூடாகிறது. இதற்குச் சற்று முன்னால், 19ஆம் அதிகாரத்தில், பேதுரு ஒரு கேள்வி கேட்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? இதற்குச் சற்றுப் பின்னால், செபெதேயுவின் மனைவி தன் மகன்கள் யாக்கோபையும் யோவானையும் அழைத்துக்கொண்டு வந்து, வலது பக்கம் ஒருவருக்கும் இடது பக்கம் ஒருவருக்கும் இடம் கேட்கிறார். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. இந்த இரண்டு பேராசைகளுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது இந்தக் கதை.

ஆக, விடியற்காலையில் வந்தவர்கள் யார்? முதல் சீடர்களே! சர்வீஸ் சீனியாரிட்டி பேசியவர்கள் அவர்கள்தான். இன்னொன்றும் உண்டு. யாக்கோபும் யோவானும் படகை விட்டுக் கிளம்பியபோது தகப்பனாரைக் கூலியாட்களோடு விட்டுச் சென்றதாக மாற்கு நற்செய்தி சொல்கிறது. கூலிக்கு ஆள் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். கூலி கொடுக்கும் பக்கத்தில் இருந்து வந்தவர்களுக்கு, கூலி வாங்கும் பக்கத்தில் இருந்து ஒரு பாடம் சொல்லப்பட்டது. பேதுருவின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் சபைகள் இந்தக் கதையில் தங்களை எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையா?

'என் பணம், என் இஷ்டம்'

முதலாளிகளுக்கும் இந்த உவமையில் பிடித்த ஒரு இடம் உண்டு. என்னுடையதை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று தோட்டக்காரர் கேட்கும் இடம். பேசிய கூலியைத் தந்தாயிற்று, மேலே பேசாதே என்பதற்கு இதையே ஆதாரம் காட்டுபவர்கள் உண்டு. எதிர்ப் பக்கத்தில் இருந்து, தோட்டக்காரர் தன் இஷ்டத்துக்கு ஆளைப் பிரித்தாளும் பண்ணையார்தான் என்று படிக்கிற அறிஞர்களும் உண்டு.

இரண்டு பேரும் ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர் அந்த உரிமையை எதற்குப் பயன்படுத்தினார்? கொடுப்பதற்கு. பேசிய கூலியில் ஒரு காசு குறைக்காமல், பேசாத கூலியைக் கூட்டிக் கொடுப்பதற்கு. அதிகம் கொடுக்க ஒருவருக்கு இருக்கும் உரிமையைக் குறைத்துக் கொடுக்கும் உரிமையாகத் திருப்புவது எந்த ஊர் நியாயம்?

அப்படியானால் மறுநாள் காலை ஆறு மணிக்கு எவன் வேலைக்கு வருவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த உவமை ஒரு பேக்டரியின் சம்பள ரிஜிஸ்டர் அல்ல. திறமைக்கும் அனுபவத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்றும் இது சொல்லவில்லை. இது சொல்வது ஒன்றே ஒன்று. கூலியின் அடிமட்டம் கடிகாரத்தால் அல்ல, வயிற்றால் அளக்கப்பட வேண்டும். அதற்குக் கீழே எவனும் போகக் கூடாது.

இது கற்பனை என்று நினைத்தால் இந்திய வரலாற்றைப் பார்க்கலாம். இந்த உவமையின் வார்த்தைகளையே தலைப்பாக வைத்து ஜான் ரஸ்கின் 1860ல் 'அன்டு திஸ் லாஸ்ட்' கட்டுரைகளை எழுதினார். வாசகர்களின் எதிர்ப்பால் பத்திரிகை நான்கு கட்டுரைகளோடு நிறுத்திவிட்டது. அந்தப் புத்தகத்தைத்தான் 1904ல் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி படித்தார். அதே ஆண்டு பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். நிறம், நாடு என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் மாதம் 3 பவுண்டு என்பது அங்கே ஏற்பாடு. 1908ல் ரஸ்கினின் கருத்துகளைக் குஜராத்தியில் 'சர்வோதயா' என்ற பெயரில் எழுதினார். ஞாயிறு பிரசங்கம் கேட்டு வளராத ஒருவருக்கு இந்த உவமையில் கூலி தெரிந்தது. ஞாயிறுதோறும் கேட்பவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அதோடு நிற்கவில்லை. 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15ஆவது அமர்வு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்தது. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று பேர் அளவு சாப்பிட வேண்டும். ஆளுக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. வாடகை. எரிபொருள், விளக்கு போன்றவற்றுக்கு 20 சதவீதம். 1991ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இதில் எங்காவது எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய் என்ற கேள்வி இருக்கிறதா? அந்தத் தெனாரியத்துக்கு இந்தியக் குடியரசு எழுதிய கணக்கு இது. ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டிலும் மூன்று பேர் அளவு பசி இருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. உவமையில் விடியற்காலை ஆட்கள் உழைத்ததும் அதே 12 மணி நேரம்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த வெயிலுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அதைத் தடுத்தது தெருவில் எழுந்த சத்தம்.

கணக்கு வீட்டில் இருந்து ஆரம்பிக்கட்டும்

கடைசியாக, சங்கடமான இடம். கும்மிடிப்பூண்டி முதலாளிகளைக் குறை சொல்வது சுலபம். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஏராளம். அரசு உதவி பெறும் பிரிவில் ஒரு ஆசிரியர், அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் இன்னொரு ஆசிரியர். அதே பாடம், அதே சாக்பீஸ், அதே சிலபஸ். ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வருவது அதே தொகையா? கழுவிப் பெருக்கும் அம்மாவும் வாசலில் நிற்கும் வாட்ச்மேனும் யாருடைய ஆட்கள்? நிறுவனத்தின் ஆட்களா, காண்ட்ராக்டரின் ஆட்களா? மற்றவர்களின் நிறுவனங்களிலும் இதே கதைதான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சுவரில் இந்த உவமையை எழுதி வைக்கவில்லையே!

தொழிற்சங்கங்களுக்கும் இது பொருந்தும். பெர்மனென்ட் தொழிலாளிக்கு மட்டும் போனஸ் பேசி வாங்கிவிட்டு, காண்ட்ராக்ட் தொழிலாளியை உறுப்பினராகக் கூடச் சேர்க்காத சங்கம், விடியற்காலையில் வந்து முணுமுணுத்த கூட்டம்தான்.

தோட்டக்காரர் முணுமுணுத்தவனைத் திட்டவில்லை, 'தோழனே' என்று அழைத்தார் என்கிறது கதை. மத்தேயுவில் இன்னும் இரண்டு பேர் அதே கிரேக்கச் சொல்லால் அழைக்கப்படுகிறார்கள். ஒருவன் திருமண ஆடை இல்லாமல் விருந்துக்கு வந்தவன். இன்னொருவன் காட்டிக்கொடுக்க வந்த யூதாஸ். அன்பாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் வருமிடம் எல்லாம் எச்சரிக்கையான இடம்.

அடுத்த முறை இந்த உவமை வாசிக்கப்படும்போது, பிரசங்கம் முடிந்ததும் சபையார் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இந்தக் கட்டடத்தைப் பெருக்குபவருக்கு மாதம் எவ்வளவு தரப்படுகிறது? அதைக் கொண்டு அவர் வீட்டில் மூன்று பேர் சாப்பிட முடியுமா? அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடிகிற சபை, அதன் பிறகு மோட்சத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.